பாஸூனை யார் வாங்குவது?

(இசை ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இளையோர் இசைக்குழுக்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பை எடுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு மேதையிலிருந்துதான் தொடங்குவார்கள். பத்து வயதில் இப்படி வாசித்தான், இருபது வயதில் உலகமே திரும்பிப் பார்த்தது என்று போகும் அந்தக் கதை. நான் ஒரு மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து தொடங்கப் போகிறேன். யாரும் எழுந்து போய்விட வேண்டாம். கதை பிறகு சூடு பிடிக்கும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் லெஸ்டர்ஷயர் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. காலுறை நெய்யும் ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் பண்ணைகளும் நிறைந்திருந்த ஊர்ப்பக்கம். இசைக்கென்று பேர்போன இடமில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்த 1948இல், ரேஷன் முறைகூட இன்னும் ஒழியாத நேரத்தில், அந்த மாவட்டம் எரிக் பிங்கெட் என்பவரை இசை ஆலோசகராக நியமித்தது. மாவட்டப் பள்ளிகளில் இசை எப்படி நடக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. அதே வருடம் அவர் லெஸ்டர்ஷயர் பள்ளிகள் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கினார். அவருக்கு மேலே கல்வி இயக்குநராக இருந்தவர் ஸ்டூவர்ட் மேசன். பள்ளிச் சுவர்களில் மாட்டுவதற்கு வாழும் ஓவியர்களின் அசல் ஓவியங்களை அரசுப் பணத்தில் வாங்கிய மனிதர் அவர். அச்சுப் படங்களை வாங்கியிருந்தால் செலவு மிச்சமாகியிருக்கும், யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். அசலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிற ஓர் அதிகாரி மேலே இருந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததெல்லாம் அங்கிருந்து கிளைத்தது என்பது என் எண்ணம்.

இசைக்குழுவை மாவட்டம் ஏன் நடத்த வேண்டும்? ஒவ்வொரு பள்ளியும் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளக் கூடாதா? கணக்குப் போட்டால் விடை கிடைத்துவிடும். ஒரு நடுத்தர சிம்பொனியை வாசிக்க இரண்டு ஓபோ, இரண்டு பாஸூன், நான்கு பிரெஞ்சு ஹார்ன், மூன்று டிராம்போன், டபுள் பாஸ் நாலைந்து, வியோலா எட்டாவது வேண்டும். வயலின் இருபதுக்கு மேல். எந்தப் பள்ளியிலும் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் தேவைக்கு மேல் கிடைக்கும், ஏனென்றால் அவை சிறியவை, விலையும் குறைவு, பள்ளிப் பையில் அடங்கும். பாஸூன் அப்படி இல்லை. எட்டடிக்கு மேல் நீளமான குழாயை மடித்துச் செய்த மரக்கருவி அது. வாயில் வைப்பது இரட்டை நாணல், நம் நாதஸ்வரச் சீவாளியின் இனம். புதிதாக வாங்கினால் இன்றைக்கு நம் பணத்தில் லட்சக்கணக்கில் ஆகும். எந்த அப்பா, எந்த அம்மா, ‘பிள்ளைக்குப் பிடிக்கிறதா பார்க்கலாம்’ என்று அதை வாங்குவார்? பிள்ளைக்கும் அதைப் பார்த்தால்தானே ஆசை வரும்! முப்பது பள்ளிகளில் தேடினால் பாஸூன் வாசிக்கக்கூடிய கையும் மூச்சும் உள்ள இரண்டு பிள்ளைகள் கிடைப்பார்கள். ஒரு பள்ளிக்குள் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

ஆகவே கருவியை மாவட்டம் வாங்கியது. ஆசிரியரையும் மாவட்டமே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. அந்த ஆசிரியர் திங்கள் ஓர் ஊர், செவ்வாய் வேறோர் ஊர் என்று பள்ளி பள்ளியாகக் காரில் போவார். போர்க்காலத்துக்குப் பின் இங்கிலாந்தில் பல மாவட்டங்கள் இப்படிச் சுற்றுப்பயண ஆசிரியர்களை வைத்திருந்தன. சிறுவர்கள் முதலில் தங்கள் பள்ளியிலும், பிறகு சுற்றுவட்டாரக் குழுவிலும் வாசித்து, கடைசியில் மாவட்டக் குழுவுக்கு வந்து சேர்வார்கள். வார நாட்களில் தனியாகக் கற்றதைச் சனிக்கிழமை ஒன்றாகச் சேர்த்து வாசிப்பார்கள். விடுமுறையில் ஓரிடத்தில் தங்கி ஒரு வாரம் முழுக்க ஒத்திகை. இவ்வளவுதான் ஏற்பாடு. மேடையில் அறுபது பிள்ளைகள் வாசிப்பதைப் பார்த்துக் கைதட்டுகிறவர்களுக்கு, அதற்குப் பின்னால் கருவிகளை அடுக்கி வைக்கும் ஓர் அறை, அறுந்த தந்திக்குப் பில் போடும் ஓர் எழுத்தர், டபுள் பாஸை ஏற்றிப்போகும் ஒரு வேன் இருப்பது தெரியாது. அந்த மேடைக்கு வழி போட்டவர்கள் அவர்கள். அதனால்தான் அலுவலகத்திலிருந்து தொடங்கினேன்.

இனி, உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம்.

நம் பிள்ளைகள் இசை கற்பது ஒரு குரு முன்னால். வர்ணம் பாடமானதும் கீர்த்தனை, பிறகு ராகம், பிறகு ஒரு நாள் மேடை. அன்றைக்குப் பாட்டு முழுவதும் அவர்களுடையது. இசைக்குழுவில் இரண்டாம் வயலின் பகுதியின் கடைசி வரிசையில் உட்காரும் பெண்ணுக்கு அந்தப் பாட்டு கிடையாது. அவளுக்குக் கொடுக்கப்பட்ட தாளில் இருப்பது பெரும்பாலும் நடுக்குரல். வீட்டில் தனியாக வாசித்தால் அதில் ஒன்றும் புரியாது. அம்மா எட்டிப் பார்த்து, ‘இது என்ன பாட்டு?’ என்று கேட்பார். சனிக்கிழமை அறுபது பேரோடு சேர்ந்து வாசிக்கும்போதுதான் அந்த வரி எதற்கு இருக்கிறது என்பது அவளுக்கே தெரியும். நம் மேளத்தில் ஒத்து ஊதும் பையனுக்கு இந்த நிலைமை பழக்கம். ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பான். ஆனால் நாதஸ்வரக்காரர் எடுக்கும் ஒவ்வொரு பிடியும் அவன் காதுக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. பல பெரிய வித்வான்களின் படிப்பு அங்கே தொடங்கியிருக்கிறது.

வில்லை எல்லோரும் ஒரே திசையில் இழுக்க வேண்டும். ஒரு தாளுக்கு இரண்டு பேர். உள்பக்கம் இருப்பவர் வாசிப்பை நிறுத்திப் பக்கத்தைப் புரட்ட வேண்டும், வெளிப்பக்கம் இருப்பவர் விடாமல் வாசிக்க வேண்டும். சத்தம் கூடிவிட்டால் பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்க முடியாது. கேட்காவிட்டால் சுருதி விலகும். நல்ல குரு எத்தனை முறை சொன்னாலும் தனியாக வாசிக்கும் பிள்ளைக்கு இது விளங்காது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் விளங்கும்.

இதைவிடக் கடினமானது சும்மா இருப்பது. த்வோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பொனி எல்லா இளையோர் குழுக்களுக்கும் செல்லப்பிள்ளை. அந்த முக்கால் மணி நேர இசையில் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழல் இரண்டாம் பகுதியில் மட்டும்தான் வருகிறது, அதுவும் ஒரு கை விரல்களால் மூன்று முறை எண்ணி முடிக்கக்கூடிய அளவு சுரங்கள். ஜாலரா நான்காம் பகுதியில் ஒரே ஒரு தட்டு. பெத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் டிராம்போன்காரர்கள் மூன்று பகுதிகள் முடியும்வரை மடியில் கருவியை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பதினைந்து வயதுப் பையனைக் கையை அசைக்காமல் அரை மணி நேரம் உட்கார வைக்க உங்கள் வீட்டில் முடியுமா? அங்கே உட்காருகிறான். ஆவர்த்தனம் ஆவர்த்தனமாக எண்ணுகிறான். எண்ணும்போது மற்றவர்கள் வாசிப்பதையெல்லாம் கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணிக்கை தவறிவிடும். லிவர்பூலில் 1955இல் பிறந்த சைமன் ராட்டில் என்ற சிறுவன் மெர்ஸிசைட் இளையோர் இசைக்குழுவில் தாளக் கருவிப் பகுதியில்தான் நின்றான். பின்னாளில் பர்மிங்ஹாம் நகர இசைக்குழுவுக்கும், 2002 முதல் 2018 வரை பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குக்கும் தலைமை தாங்கியவர் அவர். கடைசி வரிசையில் நின்று எண்ணிக்கொண்டிருந்த பையனுக்கு முழு இசையும் கண்முன் விரிந்து கிடந்திருக்கும். இது என் ஊகம், ஆனால் காரணமில்லாத ஊகமில்லை.

மேதைகளைப் பற்றிப் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒருவரைக் கொண்டுவந்துவிட்டேன். லெஸ்டர்ஷயருக்கே திரும்புவோம்.

1965இல் அந்தப் பிள்ளைகளிடம் மைக்கேல் டிப்பெட் வந்தார். அப்போது அவருக்கு அறுபது வயது, பிரிட்டனின் முன்னணி இசையமைப்பாளர்களில் ஒருவர். போரில் சேர மறுத்ததற்காக 1943இல் சிறைக்குப் போனவர். அதற்கு முன்பு, முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில், வேலையிழந்த இசைக்கலைஞர்களைச் சேர்த்து லண்டனில் குழு நடத்தியவர். 1958இல் அவருடைய இரண்டாம் சிம்பொனி முதல் முறை அரங்கேறியபோது நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். வாசித்தவர்கள் பிபிசி சிம்பொனி இசைக்குழு, கை நிறையச் சம்பளம் வாங்கும் கைதேர்ந்த கலைஞர்கள். தொடங்கிச் சற்று நேரத்தில் வாசிப்பு குலைந்து நின்றுபோய், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வானொலியில் நேரடி ஒலிபரப்பு வேறு. அப்படிப்பட்ட இசையை எழுதுகிறவர் பள்ளிப் பிள்ளைகளிடம் வந்தார் என்றால், எளிய துணுக்குகளாகப் பார்த்துக் கொடுத்திருப்பார் என்றுதான் தோன்றும். அவர் இருபதாம் நூற்றாண்டு இசையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். குழுவின் புரவலராகவும் ஆனார். அவர்களுக்கென்றே 1965 தொடங்கி ‘ஷயர்ஸ் சூட்’ என்ற படைப்பைப் பகுதி பகுதியாக எழுதினார். பழைய ஆங்கிலச் சுழல்பாட்டுகளை அடிப்படையாகக் கொண்டு இசைக்குழுவுக்கும் பாடகர் குழுவுக்குமாக எழுதப்பட்டது அது. 1970இல் செல்ட்டனம் விழாவில் அந்தப் பிள்ளைகளே அதை முழுமையாக அரங்கேற்றினார்கள். நடத்தியவர் டிப்பெட்டே.

இங்கே ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு என்று தனியாக இளைத்த இசை ஒன்று நாம் வைத்திருக்கிறோம். ஆண்டு விழாவுக்கு ஒரு தேசபக்திப் பாட்டு, ஒரு சினிமாப் பாட்டு, கடைசியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு துக்கடா. அவையில் இருப்பவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்பதே கவலை. பிங்கெட் போன்றவர்களின் கவலை வேறாக இருந்தது. பதினாறு வயதில் ஒரு பிள்ளைக்கு எது கடினம், எது புதிது, எது யாருக்கும் பிடிக்காதது என்று இன்னும் தெரியாது. பழகிய காது வரும்வரை எல்லாமே அவர்களுக்குப் புதிதுதான். அந்த இரண்டு மூன்று வருடத் திறப்பைத் துக்கடாவில் செலவழிப்பது எனக்கு ஏற்பில்லை.

அந்தத் திறப்பினால் இசை உலகத்துக்கே ஒரு லாபம் கிடைத்ததுண்டு. ஹேவர்கல் ப்ரையன் என்று ஓர் இசையமைப்பாளர். 1876இல் ஸ்டாஃபர்ட்ஷயரில், மண்பாண்டத் தொழில் நடக்கும் ஊரில் பிறந்தவர். பன்னிரண்டு வயதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. எழுதியது 32 சிம்பொனி. கடைசியை எழுதி முடித்த 1968இல் அவருக்கு 92 வயது. நூற்றுக்கணக்கான கலைஞர்கள் தேவைப்படும் ‘கோதிக்’ சிம்பொனியை 1927இல் முடித்தார். அது 1961இல்தான் முதல் முறை மேடையேறியது. வாசித்தவர்களில் பெரும்பாலோர் தொழில்முறைக் கலைஞர்கள்கூட இல்லை. எழுதிக்கொண்டே இருந்தார், யாரும் வாசிக்கவில்லை, அவரும் நிறுத்தவில்லை. எழுபதுகள் பிறந்தபோதும் அவருடைய ஒரு சிம்பொனிகூட விற்பனைக்கு வரும் இசைத்தட்டாக வெளிவந்திருக்கவில்லை. புகழ்பெற்ற குழுக்களுக்கு நேரம் கிடையாது, நிறுவனங்களுக்கு லாபம் தெரியவில்லை.

1972 ஜூலையில் லெஸ்டர் நகரத்தின் டி மான்ட்ஃபோர்ட் மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து ப்ரையனின் பத்தாவது சிம்பொனியையும் இருபத்தொன்றாவது சிம்பொனியையும் பதிவு செய்தார்கள். பத்தாவதை நடத்தியவர் அப்போது ஹாலே இசைக்குழுவின் தலைமை நடத்துநராக இருந்த ஜேம்ஸ் லாஃப்ரன், இருபத்தொன்றாவதை நடத்தியவர் எரிக் பிங்கெட். யூனிகார்ன் நிறுவனம் அதை 1973இல் வெளியிட்டது. ப்ரையன் சிம்பொனிகளின் முதல் வணிக இசைத்தட்டு அதுதான். அதைக் கையில் வாங்கிப் பார்க்க அவர் இல்லை. 1972 நவம்பரில், 96 வயதில், காலமாகிவிட்டார். இருபத்தொன்றாவது சிம்பொனியை அவர் எழுதியபோது அவருக்கு 87 வயது, அதை வாசித்தவர்கள் பலருக்குப் பதினேழு. பிள்ளைகள் அத்தோடு விடவில்லை. அடுத்த சில வருடங்களில் ப்ரையனின் இருபத்திரண்டாவது சிம்பொனியும் அவர்கள் வாசிப்பில் சிபிஎஸ் நிறுவனத்தின் தட்டாக வந்தது. பதிவில் குறைகள் உண்டா? உண்டு. வயலின்கள் உச்சத்தில் கொஞ்சம் கூசும். ஆனால் ப்ரையன் என்ற பெயரை அந்தத் தட்டின் மூலமாகத்தான் ஏராளமான ரசிகர்கள் முதன்முதலில் கேட்டார்கள். பெரியவர்கள் செய்யாமல் விட்ட வேலையை ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் செய்து முடித்தார்கள்.

ஒரு கேள்வி உங்களில் சிலர் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பிறகு இசைக்கலைஞர்கள் ஆனார்கள்? சிலர் ஆனார்கள். பெரும்பாலானவர்கள் ஆகவில்லை. எந்த இளையோர் குழுவை எடுத்தாலும் இப்படித்தான், பதினெட்டு வயதில் கருவியை மாவட்டத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொறியாளராக, செவிலியராக, கணக்கராகப் போய்விடுவார்கள். பணம் வீணா என்று கேட்பவர்களிடம் நான் வேறொன்று கேட்பேன். பள்ளியில் கால்பந்து ஆடிய பையன் தேசிய அணிக்குப் போகவில்லை என்று யாராவது மைதானத்துக்குக் கணக்குக் கேட்கிறார்களா? இசையிடம் மட்டும் ஏன் இந்தக் கறார்?

எதிர்ப்பக்கமும் ஒரு மிகை இருக்கிறது. 1975இல் வெனிசுவேலாவில் ஹோசே அன்டோனியோ அப்ரேயு ஒரு சிறு கூட்டத்தை வைத்துத் தொடங்கியது, பின்னால் நாடு முழுக்கப் பரவிய ‘எல் சிஸ்டெமா’ ஆயிற்று. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கருவி கிடைத்தது. குஸ்தாவோ டுடாமெல் அங்கிருந்து வந்தவர். உடனே உலகமெங்கும், ‘இசைக்குழு வறுமையை ஒழிக்கும், குற்றத்தைக் குறைக்கும்’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஜெஃப்ரி பேக்கர் என்ற ஆய்வாளர் 2014இல் எழுதிய நூலில், அந்த அமைப்புக்குள் இருந்த அதிகாரப் போக்கையும் மட்டுமீறிய கட்டுப்பாட்டையும் கேள்விக்குட்படுத்தினார். அவர் சொன்னது அனைத்தையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒருவர் மேடையில் நின்று கோலை ஆட்ட, நூறு பேர் அதன்படி நடக்கும் அமைப்பில் பிள்ளைகளை உட்கார வைக்கிறோம் என்றால், கோல் யார் கையில் இருக்கிறது, அவர் ஒத்திகையில் எப்படிப் பேசுகிறார் என்று பெற்றோர்கள் பார்க்கத்தான் வேண்டும். வறுமையை ஒழிக்க வேறு வழிகள் இருக்கின்றன. இசைக்குழு இசையைக் கற்றுக்கொடுத்தால் எனக்குப் போதும்.

லெஸ்டர்ஷயர் குழு இன்றும் இயங்குகிறது. ஆனால் அதைத் தாங்கிய ஏற்பாடு நாடு முழுவதும் மெலிந்துவிட்டது. எப்படி என்பது நமக்கும் பாடம். 1944 கல்விச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் கல்வி இலவசம். செலவைக் குறைக்கப் பார்த்த ஹெரிஃபர்ட்-வுஸ்டர் மாவட்டம், பள்ளி நேரத்தில் கற்றுத்தரும் கருவி வகுப்புக்குக் கட்டணம் கேட்டது. பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். அந்த வகுப்பும் கல்விதான், கட்டணம் கேட்கக் கூடாது என்று 1981இல் தீர்ப்பு வந்தது. அழகான தீர்ப்பு. ஆனால் 1988இல் வந்த கல்விச் சீர்திருத்தச் சட்டம், தனியாகவோ நான்கு பேர் வரையிலான சிறு குழுவாகவோ கருவி கற்றுத்தந்தால் கட்டணம் வாங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அதே சட்டம் மாவட்டத்திடம் இருந்த பணத்தைப் பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கவும் வழிசெய்தது. பிரித்துக் கொடுப்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தலைமையாசிரியரும் தன் பங்கை வைத்துக்கொண்டு யோசிக்கும்போது, பாஸூன் யார் கணக்கில் வரும்? கூரை ஒழுகுகிற பள்ளி கூரையைத்தான் பார்க்கும், அதில் தவறும் இல்லை. மாவட்டம் மொத்தமாக வைத்திருந்தபோது சாத்தியமான ஒன்று, பள்ளி பள்ளியாகச் சிதறியதும் யாருக்கும் சாத்தியமில்லாமல் போயிற்று. காசுள்ள வீட்டுப் பிள்ளை வயலின் கற்கும். மற்றப் பிள்ளைகளுக்கு எப்போதாவது ஒரு பயிற்சிப் பட்டறை நடக்கும்.

நம் ஊருக்கு வருகிறேன். மேற்கத்திய சிம்பொனிதான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி வேண்டுகிறவர்களுக்குச் சென்னையில் முன்மாதிரி உண்டு. ஏ.ஆர். ரஹ்மானின் கே.எம். இசைக் கல்லூரியில் நடக்கும் சன்ஷைன் இசைக்குழு வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கருவி கற்றுத்தருகிறது. அதற்கும் வெகு முன்னால், எம்.பி. ஸ்ரீநிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கி, தனிக்குரலில் பழகிய நம் இளைஞர்களைப் பல குரல்களில் சேர்ந்து பாட வைத்தார். இரண்டும் தனிமனிதர்களின் முயற்சியால் வந்தவை. தமிழக அரசிடம் பதினேழு மாவட்ட இசைப் பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம் என்று மூன்று வருடப் படிப்பு. அங்கே கற்கும் பிள்ளைகள் தத்தம் வகுப்பறையில் தனித்தனியே தேறி வெளியே போகிறார்கள். ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளை மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரே கூடத்தில் உட்கார வைத்து, அவர்களுக்கென்றே யாரையாவது இசை எழுதச் சொன்னால் என்ன? நாதஸ்வரமும் வயலினும் ஒரே கூடத்தில் எப்படி ஒத்துப்போகும் என்று வித்வான்கள் சிரிப்பார்கள். சத்தத்தின் அளவே வேறு, சுருதியும் வேறு. உண்மையான சிக்கல்தான். அதைத் தீர்க்க ஓர் இசையமைப்பாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஒத்திகைக்கு நிறைய நேரமும் ஒதுக்க வேண்டும்.

இதற்கு என்ன செலவாகும் என்று அவைத் தலைவர் என்னிடம் முன்பே கேட்டார். ஒரு முழுநேர ஒருங்கிணைப்பாளர், பூட்டுப் போட்ட ஓர் அறை, கருவிகளைப் பழுதுபார்க்க வருடத்துக்கு ஒரு தொகை, பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு. தோராயமாக ஒரு கணக்கை ஆசிரியர்கள் சிலரோடு சேர்ந்து எழுதி வைத்திருக்கிறேன். அது நுழைவாயில் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் எடுத்துப் பார்த்து, எங்கே குறைக்கலாம், எங்கே கூட்ட வேண்டும் என்று பென்சிலால் குறித்துக் கொடுங்கள். சாப்பாட்டுச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள்.